சர்வர் சைட் டிராக்கிங்: கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் எந்த ஆர்டர் விடுபடுகிறது என்று பாருங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் மென்பொருள்) காட்டன் சேலைக் கடை. மாதம் 600 ஆர்டர் அளவில் வருகிறது; பாதி சி.ஓ.டி. (பொருள் கைக்கு வந்ததும் பணம்), மீதி பெரும்பாலும் யு.பி.ஐ. மெட்டாவிலும் (பேஸ்புக், இன்ஸ்டாகிராம்) கூகுளிலும் விளம்பரம் ஓடுகிறது. கடையில் விழும் ஆர்டர் எண்ணிக்கையும் மெட்டா காட்டும் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சி, சர்வர் சைட் டிராக்கிங் (விற்பனைத் தகவலை வாடிக்கையாளரின் பிரவுசரிலிருந்து மட்டும் அல்லாமல் ஒரு சர்வர் வழியாகவும் விளம்பரத் தளத்துக்கு அனுப்பும் முறை) போட்டால் 30 சதவீதம் கன்வர்ஷன், அதாவது விளம்பரக் கணக்கில் சேரும் விற்பனை, கூடும் என்று சொல்லி மூன்று வழிகளைக் கொடுத்திருக்கிறது: வூகாமர்ஸில் சேர்க்கும் இலவசத் துணை மென்பொருளான ப்ளக்இன், மாதக் கட்டணத்தில் டேக் மேனேஜர் (கண்காணிப்பு நிரல்களை நிர்வகிக்கும் கூகுள் கருவி) சர்வரை நடத்தித் தரும் சேவை, கூகுள் கிளவுடில் சொந்தச் சர்வர். எதை எடுப்பது என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: உங்கள் ஆர்டர் எந்த இடத்தில் காணாமல் போகிறது? அதற்குப் பதில் தெரியாமல் வாங்கினால் விலை உயர்ந்த கருவியும் அந்த இடத்தைத் தொடாமலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் நீங்கள் எந்த எண்ணை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். ஆட்ஸ் மேனேஜரில், அதாவது மெட்டாவின் விளம்பர நிர்வாகப் பக்கத்தில், தெரிவது விளம்பரத்தின் கணக்கில் மெட்டா எழுதிக்கொண்ட பர்சேஸ் மட்டும். வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைக் க்ளிக் செய்து 7 நாளுக்குள், அல்லது பார்த்து 1 நாளுக்குள் வாங்கியவர்கள். விளம்பரத்தைப் பார்க்காமல் கூகுளில் தேடி வந்தவரும், தானாகத் திரும்பி வந்த பழைய வாடிக்கையாளரும் அதில் வரமாட்டார்கள், வரவும் கூடாது. ஆகவே அந்த எண் கடை ஆர்டரைவிடக் குறைவாக இருப்பதே இயல்பு. ஒப்பிட வேண்டிய எண் ஈவென்ட்ஸ் மேனேஜரில் இருக்கிறது: மெட்டாவுக்கு வந்து சேர்ந்த மொத்த பர்சேஸ் ஈவென்ட், அதாவது "இவர் வாங்கினார்" என்று சொல்லும் தகவல். அது கடையின் ஆர்டர் எண்ணிக்கைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். "மெட்டா பாதியைத்தான் காட்டுகிறது" என்ற புகார்களில் கணிசமானவை இந்த இரண்டு எண்களைக் குழப்பிக்கொண்டதால் வருபவை.

அடுத்து, கடந்த 14 நாள் ஆர்டர்களை ஒரு ஷீட்டில் இறக்குங்கள். ஆர்டர் எண், நேரம், பணம் செலுத்திய முறை, சாதன வகை, தொகை ஆகிய ஐந்து நெடுவரிசை போதும். வூகாமர்ஸ் 8.5 பதிப்பு முதல், அதாவது 2024 ஜனவரியிலிருந்து, ஒவ்வொரு ஆர்டரிலும் எங்கிருந்து வந்தார், எந்த வகைச் சாதனம் என்பதை அதுவே பதிந்து வைக்கிறது. பக்கத்தில், தள வருகையை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் இருந்து அதே 14 நாளுக்கான டிரான்ஸாக்ஷன் ஐ.டி. (ஆர்டர் எண்) பட்டியலை எடுத்து ஒட்டி, எந்த ஆர்டர் எண் அதில் இல்லை என்று குறியுங்கள். அனலிட்டிக்ஸும், மெட்டாவுக்குத் தகவல் அனுப்ப உங்கள் பக்கத்தில் ஒட்டும் நிரலான பிக்சலும் வேறு வேறுதான். ஆனால் இரண்டும் வாடிக்கையாளரின் பிரவுசரில்தான் ஓடுகின்றன, இரண்டும் விழும் குழி பெரும்பாலும் ஒன்றே. விடுபட்டவை யு.பி.ஐ. ஆர்டர்களில் குவிந்திருந்தால் ஒரு நோய். எல்லா முறையிலும் பரவலாகச் சில சதவீதம் விடுபட்டால் விளம்பரத் தடுப்பான், மெதுவான பக்கம், பாதியில் அறுந்த நெட் என்று வேறு நோய். ஆர்டரைவிடப் பர்சேஸ் அதிகமாக இருந்தால், ஆர்டர் முடிந்ததும் காட்டும் தேங்க் யூ பக்கத்தை வாடிக்கையாளர் மறுபடி திறக்கும்போதெல்லாம் பிக்சல் புதிதாக ஈவென்ட் அனுப்புகிறது. அது மூன்றாவது நோய். அதற்கு சர்வர் சைட் மருந்தே கிடையாது, பக்கத்தில் இருக்கும் நிரலைத் திருத்த வேண்டும்.

யு.பி.ஐ. விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்டுக் கடைகளில் பெரிய ஓட்டை பெரும்பாலும் இங்கேதான். வாடிக்கையாளர் இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தட்டுகிறார். அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும் பிரவுசரில் உங்கள் கடை திறக்கிறது. சேலையைத் தேர்ந்தெடுத்து, முகவரி கொடுத்து, யு.பி.ஐ. அழுத்துகிறார். கூகுள் பே அல்லது போன்பே திறக்கிறது, ரகசிய எண்ணைப் போடுகிறார், பணம் போய்விட்டது. அதோடு போனைக் கீழே வைத்துவிடுகிறார். கடைப் பக்கத்துக்குத் திரும்பவே இல்லை. பணத்தை வாங்கித் தரும் சேவையான பேமென்ட் கேட்வே உங்கள் சர்வருக்கு வெப்ஹுக் (பணம் வந்ததைச் சொல்லும் தானியங்கிச் செய்தி) அனுப்பி ஆர்டரைப் "பிராசஸிங்" என்று மாற்றிவிடுகிறது. உங்களுக்கு ஆர்டர் வந்துவிட்டது. தேங்க் யூ பக்கம் மட்டும் எந்தத் திரையிலும் திறக்கவில்லை, ஆகவே பிக்சல் ஈவென்ட்டை அனுப்பவே இல்லை.

இப்போது ஏஜென்சி சொல்லும் டேக் மேனேஜர் சர்வரை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். வழக்கமாக அமைக்கும் முறையில், பிரவுசரில் இருக்கும் டேக் ஒரு ஈவென்ட்டை உங்கள் சர்வருக்கு அனுப்பும், சர்வர் அதை மெட்டாவுக்கும் கூகுளுக்கும் பிரித்து அனுப்பும். தொடக்கம் பிரவுசர்தான். பிரவுசரில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் சர்வருக்கு வருவதற்கு எதுவும் இல்லை. சர்வரிலிருந்து ஈவென்ட்டை வாங்க மெட்டா வைத்திருக்கும் வழி கன்வர்ஷன்ஸ் ஏ.பி.ஐ.; அதன் கேட்வேயும் பிக்சலின் ஈவென்ட்டை நகலெடுத்து அனுப்புவதுதான். அதற்கும் இதே கதி. "சர்வர் சைட்" என்ற பெயரில் விற்கப்படும் அமைப்புகளில் பல, பிரவுசர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளிகள். உங்களுக்கு வேண்டியது ஆர்டர் பிறக்கும் இடத்திலேயே, அதாவது வூகாமர்ஸில் பணம் உறுதியானதும், அங்கிருந்து கிளம்பும் ஈவென்ட். ஏஜென்சியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "வாடிக்கையாளர் தேங்க் யூ பக்கத்துக்குத் திரும்பாவிட்டாலும் பர்சேஸ் போகுமா?" பதில் தெளிவாக "போகும்" என்று இல்லாவிட்டால், மற்றதைக் கேட்க அவசரமில்லை.

அப்படி ஆர்டரிலிருந்து அனுப்பும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. வெப்ஹுக்கோடு வருவது பேமென்ட் கேட்வேயின் சர்வர். அக்கறையில்லாமல் எழுதப்பட்ட ப்ளக்இன், அந்தச் சர்வரின் ஐ.பி. முகவரியையும் யூசர் ஏஜென்ட்டையும் (எந்த பிரவுசர், எந்தச் சாதனம் என்ற குறிப்பு) வாடிக்கையாளருடையது என்று எடுத்து மெட்டாவுக்கு அனுப்பிவிடும். மெட்டாவின் கண்ணுக்கு உங்கள் வாடிக்கையாளர் எல்லோரும் ஒரே டேட்டா சென்டரில் குடியிருப்பார்கள். வாடிக்கையாளரின் ஐ.பி.யையும் யூசர் ஏஜென்ட்டையும் வூகாமர்ஸ் ஆர்டரிலேயே சேமித்து வைக்கிறது. அதை எடுத்து அனுப்ப வேண்டும். கிளவுட்ஃப்ளேர் போன்ற சி.டி.என். (தளத்துக்கு முன்னால் நின்று பக்கங்களை வேகமாகத் தரும் சேவை) இருந்தால் ஆர்டரில் அசல் ஐ.பி. பதிவாகிறதா என்று சோதியுங்கள். வூகாமர்ஸ் தானாகச் சேமிக்காதவை பிரவுசரில் சேமிக்கப்படும் மெட்டாவின் இரண்டு சிறு குறிப்புகளான குக்கிகள், அதாவது பிரவுசரை அடையாளம் காட்டும் எஃப்.பி.பி., விளம்பரக் க்ளிக்கைக் காட்டும் எஃப்.பி.சி.; கூகுளின் க்ளிக் ஐ.டி.; அனலிட்டிக்ஸின் கிளையன்ட் ஐ.டி., செஷன் ஐ.டி. இவற்றைச் செக்அவுட் நேரத்திலேயே ஆர்டரோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும். பிறகு தேடினால் கிடைக்காது. க்ளிக் ஐ.டி.யில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முக்கியம். எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்கும் பழக்கமுள்ள டெவலப்பர் இதையும் சிற்றெழுத்தாக்கி வீணாக்கிவிடுவார். இணைய முகவரியை மாற்றியனுப்பும் ரீடைரக்ட், கேள்விக்குறிக்குப் பின் உள்ளதை வெட்டிவிடுகிறதா என்றும் பாருங்கள்.

பிரவுசரிலிருந்தும் சர்வரிலிருந்தும் ஒரே ஆர்டர் இரண்டு முறை போகும். போகட்டும், அதுதான் மெட்டா பரிந்துரைக்கும் முறையும். இரண்டிலும் ஈவென்ட் பெயர் எழுத்து பிசகாமல் ஒன்றாகவும், ஈவென்ட் ஐ.டி. ஒன்றாகவும் இருந்து, 48 மணி நேரத்துக்குள் வந்தால் மெட்டா ஒன்றை விட்டுவிடும். ஐ.டி.யாக ஆர்டர் எண்ணையே, முன்னால் ஒரு சொல் சேர்த்து, வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஓர் எண்ணை உருவாக்கும் ப்ளக்இன்களில், பிரவுசருக்கு ஒன்றும் சர்வருக்கு ஒன்றும் உருவாகி, ஒவ்வொரு ஆர்டரும் இரண்டாக எண்ணப்படும். கூகுளில் டிரான்ஸாக்ஷன் ஐ.டி. ஒரே கன்வர்ஷன் ஆக்ஷனுக்குள் (கூகுள் ஆட்ஸில் விற்பனையை எண்ணும் ஒரு பதிவு) மட்டும்தான் இரட்டிப்பைத் தடுக்கும். அனலிட்டிக்ஸிலிருந்து இறக்கிய பர்சேஸ் ஒன்று, கூகுள் ஆட்ஸ் டேக்கின் பர்சேஸ் ஒன்று, இரண்டும் பிரைமரி (கூகுள் கணக்கில் சேர்க்கும் முதன்மை வகை) என்று இருந்தால் ஒரே சேலை இரண்டு முறை விற்றதாகக் கணக்கு வரும். இதைச் சரிபார்க்க ஒரு கருவியும் வாங்க வேண்டாம். கூகுள் ஆட்ஸில் கன்வர்ஷன் பட்டியலைத் திறந்து எத்தனை பிரைமரி இருக்கிறது என்று எண்ணினால் போதும்.

ஹேஷ் செய்வதில், அதாவது போன் எண்ணையும் மின்னஞ்சலையும் குறியீடாக மாற்றி அனுப்புவதில், சத்தமில்லாமல் கெடும் இடம் போன் எண். மெட்டாவும் கூகுளும் எஸ்.ஹெச்.ஏ-256 என்ற முறையையே கேட்கின்றன, ஆனால் ஹேஷ் செய்வதற்கு முன் எண் இருக்க வேண்டிய வடிவம் வேறு. மெட்டாவுக்கு 91-ஐ முன்னால் சேர்த்து இலக்கங்கள் மட்டும், மொத்தம் 12. கூட்டல் குறி கூடாது. கூகுளுக்கு அதே 12 இலக்கத்துக்கு முன் கூட்டல் குறி கட்டாயம். ஒரே ஒரு குறி மாறினாலும் ஹேஷ் முழுக்க வேறாகிவிடும். ஒரே ஹேஷை இரண்டு இடத்துக்கும் அனுப்பும் அமைப்பில் ஏதோ ஒரு பக்கம் எந்த எண்ணும் பொருந்தாது; பிழைச் செய்தியும் வராது. வாடிக்கையாளர் பூஜ்ஜியத்தில் தொடங்கி எழுதுவார், நடுவில் இடைவெளி விடுவார். அவற்றையெல்லாம் முதலில் நீக்க வேண்டும். மின்னஞ்சலில் இரு பக்கமும் இடைவெளியை நீக்கிச் சிற்றெழுத்தாக்க வேண்டும். கூகுளுக்கு மட்டும், ஜிமெயில் முகவரியாக இருந்தால் அட் குறிக்கு முன் உள்ள புள்ளிகளையும் எடுத்துவிட வேண்டும். ஐ.பி., யூசர் ஏஜென்ட், எஃப்.பி.பி., எஃப்.பி.சி. ஆகியவற்றை ஹேஷ் செய்யவே கூடாது. நம் ஊர்க் கடைகளில் மின்னஞ்சல் கட்டத்தில் வாயில் வந்ததை அடித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். சரக்கு வீடு வந்து சேர வேண்டும் என்பதால் போன் எண் மட்டும் உண்மையாக இருக்கும். அதனால் போன் எண்ணைச் சரியாக்குவதில் செலவிடும் ஒரு மணி நேரம், வேறு எதில் செலவிடுவதையும்விட லாபம்.

நேரமும் அப்படித்தான். மெட்டாவுக்கு ஈவென்ட் நடந்த நேரம் யூனிக்ஸ் வினாடிக் கணக்கில் (1970 தொடக்கத்திலிருந்து உலக நேரப்படி எண்ணும் வினாடிகள்) போக வேண்டும். இந்திய நேரத்தை அப்படியே உலக நேரம் என்று அனுப்பினால் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் நடந்த ஆர்டராகிவிடும், மெட்டா ஏற்காது. மறுபக்கம், உலக நேரத்தை இந்திய நேரம் என்று குறித்துக் கூகுளுக்கு ஏற்றினால் ஆர்டர் ஐந்தரை மணி நேரம் பின்னுக்குப் போய், க்ளிக் செய்வதற்கு முன்பே வாங்கியதாகத் தெரியும். அதையும் கூகுள் நிராகரிக்கும். இணையதள ஈவென்ட் 7 நாளைவிடப் பழையதாக இருந்தால் மெட்டா தள்ளிவிடும். ஒரு கோரிக்கையில் 1000 ஈவென்ட் வரை அனுப்பலாம் என்றாலும், அந்தத் தொகுப்பில் ஒன்றே ஒன்று 7 நாள் தாண்டியிருந்தால் தொகுப்பு முழுவதும் திரும்பிவிடும். அனலிட்டிக்ஸுக்குச் சர்வரிலிருந்து அனுப்பும் வழியான மெஷர்மென்ட் புரோட்டோகால் வேறு குணம்: 72 மணி நேரம் வரைதான் பின்தேதி ஏற்கும், தப்பாக அனுப்பினாலும் "வந்தது" என்றே பதில் சொல்லும். அதன் பதிலை நம்பி வேலை முடிந்தது என்று மூட்டை கட்டக் கூடாது.

குக்கி ஆயுள் பற்றி விற்பனைப் பேச்சில் நிறைய வரும். அடிப்படை உண்மைதான். சஃபாரி 2019 முதல், பக்கத்தின் ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கியை 7 நாளில் அழிக்கிறது, க்ளிக் ஐ.டி. ஒட்டிய முகவரியில் வந்தவர்களுக்குச் சில நிலைகளில் 24 மணி நேரத்திலேயே. உங்கள் டொமைனில் உள்ள சர்வர் வைக்கும் குக்கி நீண்ட நாள் வாழும் என்பதுதான் சொந்தச் சர்வரின் கவர்ச்சி. ஆனால் 2023-இல் வந்த சஃபாரி 16.4 அதிலும் முட்டுக்கட்டை போட்டுவிட்டது: குக்கி வைக்கும் சர்வரின் ஐ.பி. முகவரியின் முன்பாதி, உங்கள் தளத்தின் ஐ.பி.யோடு ஒத்துப்போகாவிட்டால் அதற்கும் 7 நாள்தான். கடை ஒரு ஹோஸ்டிங்கிலும் டேக் சர்வர் கூகுள் கிளவுடிலும் இருந்தால், வெறும் சப்டொமைன் காட்டி இதைத் தாண்ட முடியாது. இரண்டையும் ஒரே சி.டி.என். பின்னால் கொண்டுவந்து, தளத்தின் ஒரு பாதையாக அமைக்க வேண்டும். இவ்வளவு பாடுபடும் முன் உங்கள் ஆர்டரில் ஐபோன் சஃபாரியிலிருந்து வருவது எத்தனை என்று அனலிட்டிக்ஸில் பாருங்கள். பத்துக்கு ஒன்று என்றால் இந்த வேலையைத் தள்ளிப்போடலாம். இன்ஸ்டாகிராமுக்குள் பார்த்துவிட்டு மறுநாள் குரோமில் வந்து வாங்குபவரின் குக்கியை எந்தச் சர்வராலும் ஒட்ட முடியாது. அங்கே கைகொடுப்பது பெரும்பாலும் போன் எண்தான். குரோம் மூன்றாம் தரப்புக் குக்கியை நிறுத்தப்போகிறது, அதனால் உடனே வாங்குங்கள் என்று யாராவது சொன்னால், கூகுள் 2024 ஜூலையிலேயே அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது என்று சொல்லுங்கள்.

இப்போது மூன்று வழிகளுக்கு வருவோம். கூகுள் கிளவுடில் சொந்தமாக நடத்துவது: கூகுளின் கிளவுட் ரன் சேவையில் ஒரு சர்வர் மாதம் சுமார் 45 டாலர், ஒன்று விழுந்தாலும் தரவு போகாமலிருக்கக் குறைந்தது இரண்டு வையுங்கள் என்பது கூகுளின் சொந்த அறிவுரை. ஆக 90 டாலர், எட்டாயிரம் ரூபாய் அளவில், கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும். அதோடு சர்வரின் பதிவேட்டுக்கான லாகிங் கட்டணம். மாதம் 50 ஜி.பி.க்கு மேல் போனால் தனி பில், கோரிக்கைப் பதிவை அணைக்க மறந்தவர்கள் முதல் மாத பில்லைப் பார்த்துத்தான் அப்படி ஒன்று இருப்பதையே அறிகிறார்கள். அதைக் கவனிக்க ஆளும் வேண்டும். 600 ஆர்டர் கடைக்கு இது தேவையில்லை. நடத்தித் தரும் சேவைகள், ஸ்டேப், அடிங்வெல் போன்றவை, வரும் கோரிக்கையின் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வாங்குகின்றன. ஆர்டர் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மாதம் 60,000 வருகை, ஒரு வருகைக்கு 8 ஈவென்ட் என்றால் 4,80,000 கோரிக்கை. ஸ்க்ரோல், வீடியோ என்று உதவாத ஈவென்ட்களை நிறுத்தினாலே ஒரு படி கீழே உள்ள கட்டணத்துக்கு இறங்கலாம். இந்தச் சேவைகளில் வூகாமர்ஸ் வெப்ஹுக்கை நேரடியாக வாங்கும் வசதி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இருந்தால், மேலே சொன்ன யு.பி.ஐ. ஓட்டையை இதிலும் அடைக்கலாம்.

ப்ளக்இன் என்றால் மட்டமானது என்ற எண்ணம் வேண்டாம். வூகாமர்ஸுக்குள்ளேயே ஓடுவதால் ஆர்டருக்கு மிக அருகில் இருப்பது அதுதான். மெட்டாவுக்கு அதிகாரபூர்வ ப்ளக்இன் இருக்கிறது, கட்டணத்தில் பிக்சல்யுவர்சைட் போன்றவை இருக்கின்றன. பார்க்க வேண்டியவை: பணம் உறுதியான நிலையில் அனுப்புகிறதா, தேங்க் யூ பக்கத்திலா? மெட்டாவின் சர்வர் பதில் தரத் தாமதித்தால் வாடிக்கையாளரின் செக்அவுட்டும் காத்திருக்கிறதா, அல்லது பின்னணி வரிசையில் போட்டு அனுப்புகிறதா? அனுப்பத் தவறினால் மறுபடி முயல்கிறதா? என்ன அனுப்பியது என்ற பதிவைக் காட்டுகிறதா? இந்த நான்கும் சரியென்றால் அது போதும். டெவலப்பர் கையில் இருந்தால் வூகாமர்ஸின் ஆக்ஷன் ஷெட்யூலரில் வரிசையாக்கி நேரடியாகவே எழுதிவிடலாம். பெரிய நிரல் அல்ல. ஆனால் மெட்டா ஏ.பி.ஐ.யின் பதிப்பு எண் சுமார் இரண்டு ஆண்டில் காலாவதியாகும். எழுதியவர் போய்விட்ட பிறகு ஒருநாள் ஈவென்ட் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். கடவுச்சொல் போன்ற அணுகல் டோக்கனைப் பக்கத்தின் ஸ்கிரிப்ட்டில் வைக்காமல் சர்வரில் மட்டும் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடையில் பாதி சி.ஓ.டி. என்பதுதான் எனக்குக் கூடுதல் கவலை. ஏஜென்சி இதைப் பேசவில்லை என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. வாசலில் வாங்க மறுத்து ஆர்.டி.ஓ. ஆகும், அதாவது கடைக்கே திரும்பி வரும், ஆர்டரையும் பர்சேஸ் என்று அனுப்பினால், ஆர்டர் போட்டுவிட்டு வாங்க மறுப்பவர்களைப் போன்ற ஆட்களையே தேடித் தருமாறு விளம்பரத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். கூகுளில் இதற்கு வழி இருக்கிறது: கன்வர்ஷன் நடந்து 55 நாள் வரை டிரான்ஸாக்ஷன் ஐ.டி.யைக் கொண்டு திரும்பப் பெறலாம், தொகையைக் குறைக்கவும் செய்யலாம். மெட்டாவில் அனுப்பிய பர்சேஸை அப்படித் திரும்பப் பெற முடியாது. டெலிவரி ஆன பிறகு அனுப்பலாமே என்றால், பார்சல் போய்ச் சேர்வதற்குள் அந்த 7 நாள் எல்லை நெருங்கிவிடும். டெலிவரி நாளையே ஈவென்ட் நேரமாக வைத்தால் க்ளிக்கின் 7 நாள் கணக்கிலிருந்து வெளியே போய்விடும். நடைமுறைக்கு ஒத்துவருவது: சி.ஓ.டி. ஆர்டரை வாட்ஸ்அப்பிலோ ஓ.டி.பி.யிலோ உறுதிசெய்த பிறகு, ஒன்றிரண்டு நாளுக்குள், ஆர்டர் போட்ட அசல் நேரத்தோடு அனுப்புவது. அப்போது சி.ஓ.டி.க்கு மட்டும் தேங்க் யூ பக்கத்துப் பிக்சலையும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது முந்திக்கொள்ளும். சி.ஓ.டி. தொகையை டெலிவரி விகிதத்தால் பெருக்கிக் குறைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. தர்க்கம் புரிகிறது, ஆனால் தொகையை வைத்து ஏலம் கேட்கும் அமைப்பில் இல்லாவிட்டால் அதனால் பயன் ஒன்றும் இல்லை.

அந்த 30 சதவீதத்தைப் பற்றி. உறுதியாகச் சொல்லக்கூடியது: யு.பி.ஐ.யில் விடுபட்டவை திரும்ப வரும், போன் எண் பொருந்துவதால் விளம்பரக் கணக்கில் சேரும் ஆர்டர் கூடும். இவை கணக்கில் வரும் ஏற்றம். கடையில் ஏற்கெனவே விற்றவைதான். சந்தேகத்துக்குரியது: இதனால் புதிய விற்பனை எத்தனை கூடும் என்பது. கூட வாய்ப்புண்டு. மெட்டாவில் ஓர் ஆட் செட் (விளம்பரத் தொகுப்பு), யாருக்குக் காட்டுவது என்று பழகும் கற்றல் நிலையைத் தாண்ட வாரத்துக்குச் சுமார் 50 ஈவென்ட் வேண்டும். உங்கள் மாத ஆர்டர் மொத்தமும் வாரத்துக்கு 140-க்குள்தான், அது முழுதாக வந்தாலும் மூன்று ஆட் செட்டுக்குத் தீனி போதாது, ஐந்தில் ஒன்று விடுபட்டால் இரண்டுக்கே மட்டுமட்டு. ஆனால் 600 ஆர்டரை வைத்துக்கொண்டு அந்த விளைவைச் சோதனையால் பிரித்துக் காட்டுவது கடினம். ஒரு பண்டிகை வாரம் வந்தால் எல்லாம் மூழ்கிவிடும். யாராவது முன்கூட்டியே சதவீதம் சொன்னால் அது அவருடைய நம்பிக்கை. ஏற்றம் வந்த பிறகும் ஒன்றைச் சரிபாருங்கள்: இரட்டிப்பு நீக்கிய பர்சேஸ் எண்ணிக்கை கடையின் ஆர்டரை ஒருநாளும் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஏற்றம் வெறும் இரட்டைக் கணக்கு.

சட்டப் பக்கத்தை ஒரு வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். நான் சொல்வது தொழில்நுட்பம் பார்க்கிறவரின் அளவுக்கு. ஹேஷ் செய்துவிட்டால் அது யாருடைய தரவும் அல்ல என்ற வாதம் நிற்காது. பத்து இலக்க எண்கள் எல்லாவற்றையும் ஹேஷ் செய்து ஒப்பிட்டு அசல் எண்ணைக் கண்டுபிடிப்பது சாதாரணக் கணினிக்கே சிறிய வேலை. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன; முக்கியக் கடமைகள் 18 மாதத்தில் அமலாகின்றன; அபராதம் 250 கோடி வரை போகலாம். செக்அவுட்டில் இந்தத் தரவு விளம்பர நிறுவனங்களுக்குப் போகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்கி, அதை ஆர்டரோடு பதிந்துவையுங்கள். ஒப்புதல் தராதவரின் ஈவென்ட்டைச் சர்வர் வழியாகப் பின்கதவில் அனுப்புவது சரியில்லை. ஐரோப்பாவில் இருக்கும் வாடிக்கையாளருக்கு விற்றால் 2024 மார்ச் முதல் கூகுள் ஒப்புதல் நிலையையும் சேர்த்தே கேட்கிறது.

ஆக உங்கள் நிலையில் நான் போகும் வழி இது. இந்த வாரம் 14 நாள் ஷீட்டைப் போடுங்கள். விடுபட்டவை யு.பி.ஐ.யில் குவிந்திருந்தால், மெட்டாவுக்கு மேலே சொன்ன நான்கு கேள்விக்கும் நிற்கும் ப்ளக்இன். கூகுளுக்கு, ஆர்டரில் சேமித்த க்ளிக் ஐ.டி.யை நாள்தோறும் ஆஃப்லைன் கன்வர்ஷனாக ஏற்றுங்கள். க்ளிக்கிலிருந்து 90 நாள் வரை ஏற்கும். அது தனி கன்வர்ஷன் ஆக்ஷனாக வரும் என்பதால் அதையும் டேக்கையும் சேர்த்துப் பிரைமரி ஆக்காதீர்கள், ஒன்றுதான். விளம்பரத் தளங்கள் மூன்று நான்காகப் பெருகி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ப்ளக்இன் என்று தளம் கனக்கத் தொடங்கினால் நடத்தித் தரும் சேவைக்கு மாறலாம். அப்போதும் ஆர்டர் வெப்ஹுக்கிலிருந்து ஈவென்ட் போகும்படிதான். சர்வர் கணக்கும் டேக் மேனேஜர் கன்டெய்னரும் சப்டொமைனும் உங்கள் பெயரில் இருக்கட்டும், ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் நேராக வரும் ஆர்டர்கள் இந்த அமைப்பு எதிலும் வராது. அவற்றின் விளம்பரக் க்ளிக் ஐ.டி. சாதாரண பிசினஸ் செயலியில் கிடைப்பதில்லை, ஏ.பி.ஐ. வழியாக நடத்தும் எண்ணில்தான் கிடைக்கும்.

புதியதை இயக்கும்போது முதல் நாள்களில் தனி டேட்டாசெட் (மெட்டாவில் ஈவென்ட்கள் சேரும் இடம்) ஒன்றுக்கு அனுப்பிப் பாருங்கள், ஓடும் விளம்பரம் கெடாது. ஈவென்ட்ஸ் மேனேஜரின் டெஸ்ட் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, கடையில் நீங்களே போனில் ஒரு யு.பி.ஐ. ஆர்டர் போட்டு, பணம் கட்டியதும் போனில் பிரவுசரை மூடிவிடுங்கள்; பர்சேஸ் வந்தால் வேலை நடந்திருக்கிறது. இன்னொரு ஆர்டரில் தேங்க் யூ பக்கத்தை மூன்று முறை புதுப்பித்துப் பாருங்கள், ஒன்றுதான் எண்ணப்பட வேண்டும். பிறகு அசல் டேட்டாசெட்டுக்கு மாற்றும் அன்றே பழைய ப்ளக்இனையும், தீமின் ஹெட்டரில் யாரோ எப்போதோ ஒட்டிவிட்டுப் போன பிக்சல் நிரலையும் தேடி எடுத்துவிடுங்கள்.